காது எட்டிய வயது

போன வாரம் இந்தத் தொடரில், கும்பகோணம் பேருந்து நிலையத்தில் நான் பையும் கையுமாக நின்ற இடத்தில் பக்கம் தீர்ந்துவிட்டது. அங்கிருந்து திருப்பனந்தாள் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் ஊர். ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு மதகு. அதன் மேல் என் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

ஆற்றில் தண்ணீர் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. புதுத் தண்ணீருக்கு ஒரு வாடை உண்டு. கோடை முழுக்க வாய்க்காலில் கிடந்த சருகு, பிளாஸ்டிக் பை, செத்த நண்டு எல்லாம் ஊறி வருகிற வாடை. இதைக் கவிஞர்கள் வேறு மாதிரி எழுதுவார்கள். அண்ணன் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைச் சொறிந்துகொண்டிருந்தார். அது அவருடைய பழைய வழக்கம் என்பதால் நான் அதைக் கவனிக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்றுகூடக் கேட்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தார்.

“உலகம் உண்டானப்ப மொதமொதல்ல எது எப்பப் பொறந்துச்சுன்னு சொல்றதுக்கு உனக்குச் சம்பளம் குடுக்கறாங்கல்ல பாப்பா? உன் அண்ணன் எப்பப் பொறந்தான்னு சொல்லு, பாப்போம்.”

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் அண்ணனுக்கு நான் பாப்பாதான். அவர் கேட்டது கிண்டல் இல்லை என்பது எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள்

அண்ணன் பெயர் கலியபெருமாள். அரசு பஸ்ஸில் கண்டக்டர். அதாவது அந்த ஜூன் மாதக் கடைசி வரைக்கும் கண்டக்டர். அறுபது வயது நிறைந்துவிட்டது என்று மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உனக்கு நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு எதற்காகக் கடிகாரத்தைக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத இயற்பியல்.

நான் படித்தது அந்தக் கண்டக்டர் சம்பளத்தில்தான். அதை இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன், இன்னும் சில தடவை சொல்வேன்.

விஷயம் இதுதான். எங்கள் அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்கக் கூலிக்கு இறங்கிய வயல் ஒன்று மதகுக்குக் கீழே இருக்கிறது. அதன் சொந்தக்காரரின் பேரன் சென்னையில் குடியேறிவிட்டார். ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேலே வருகிற அந்த நாலு மா நிலத்தையும் குத்தகைக்கு விட ஆள் தேடிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு அதை எடுத்துச் சம்பா வைக்க வேண்டும். கூலிக்கு இறங்கியவர்களின் மகன், தன் பொறுப்பில் அந்த வயலில் விதைக்க வேண்டும். இதை அவர் இப்படியெல்லாம் சொல்லவில்லை. “சும்மா ஒக்காந்திருக்க முடியாது பாப்பா” என்று மட்டும்தான் சொன்னார். ஆடி பிறப்பதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

குறுக்கே நின்றவன் அவருடைய மகன் பிரபு. சிங்கப்பூரில் வேலை. நல்ல பிள்ளை, நல்ல பிள்ளைகளோடுதான் சண்டை போடுவது கஷ்டம். கும்பகோணத்தில் ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டிருந்தான். லிஃப்ட் உண்டு, கீழேயே மருந்துக்கடை. அறுபது முடிந்தவர் சேற்றில் இறங்கக் கூடாது, அம்மாவோடு வந்து ஃபிளாட்டில் ஓய்வெடுக்க வேண்டும் என்று வீடியோ காலில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு அறுபது ஆகிவிட்டது என்பதைத் தவிர அவனிடம் வேறு காரணமே இல்லை. அந்த ஒரு காரணத்தை உடைத்துவிட்டால் வயல் கைக்கு வந்துவிடும் என்பது அண்ணனின் கணக்கு. அதை உடைக்கத்தான் பெங்களூரிலிருந்து ஆள் வந்திருந்தது, அதாவது நான்.

ஜூன் மாதத்துப் பிள்ளைகள்

உடைக்க முடியும் என்று அவர் நம்பியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தெருவில் யாருடைய பிறந்த தேதியும் உண்மையான தேதி இல்லை.

என் பிறந்த நாள் ஜூன் மாதம். அண்ணனுடையது ஜூன். எதிர்வீட்டுச் சகோதரிகள் மூவரும் ஜூன். சான்றிதழ்களை நம்பினால், எங்கள் தெருவில் ஜூன் மாதத்தில் பிரசவம் பார்க்க ஆள் போதாமல் திண்டாடியிருக்க வேண்டும். மற்ற மாதங்களில் பெண்கள் யாரும் பிள்ளை பெறவே இல்லை.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் திறப்பது ஜூன். பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினால் தலைமையாசிரியர் தேதி கேட்பார். எங்கள் வீட்டில் தேதி ஏது? அண்ணன் பிறந்தது பண்ணை வீட்டுப் பசு கன்று போட்ட அன்று என்று அம்மா சொல்வார். அந்தப் பசுவிடமும் சான்றிதழ் இல்லை. அதனால் ஆசிரியர் ஒரு சோதனை வைப்பார். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. தொடாவிட்டால் அடுத்த வருஷம். தொட்ட பிள்ளைக்கு அன்றிலிருந்து ஐந்து வருஷம் பின்னால் போய் ஒரு ஜூன் தேதியை அவரே போட்டுவிடுவார்.

உருவத்தை வைத்து வயதைச் சொல்கிற இந்த முறையை நீங்கள் கேலி செய்யலாம். நான் செய்ய மாட்டேன். நான் வேலை பார்க்கிற துறையே அதில்தான் ஓடுகிறது.

வயதுக்கு மீறிய உருவம்

என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கருந்துளை என்றால் ஒளிகூடத் தப்பிக்க முடியாத அளவுக்கு நெருக்கிப் பிடித்த எடை. ஒரு பெரிய நட்சத்திரம் எரிந்து முடிந்து தன் எடையிலேயே உள்ளே விழுந்தால் ஒரு கருந்துளை கிடைக்கும். இது பழைய பாடம், இதில் சண்டை இல்லை.

சண்டை வேறு இடத்தில். பிரபஞ்சத்துக்கு இப்போது ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலே வயது. விண்வெளிக்கு அனுப்பிய புதிய தொலைநோக்கி மிகப் பழைய ஒளியைப் பிடிக்கிறது. பிரபஞ்சம் பிறந்து ஐம்பது கோடி ஆண்டுகூட ஆகாத காலத்தைக் காட்டுகிறது. அங்கே என்ன தெரிகிறது என்றால், சில கோடிச் சூரியன்களின் எடையோடு கருந்துளைகள் தயாராக உட்கார்ந்திருக்கின்றன. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே முதல் வகுப்பில் மீசையோடு ஒருவன் உட்கார்ந்திருந்தால் ஆசிரியருக்கு எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது எங்களுக்கு.

எங்கள் துறையில் இதற்குப் பல கட்சிகள் உண்டு.

முதல் கட்சி, பழைய பாடத்தை விட்டுக்கொடுக்காத கட்சி. முதல் நட்சத்திரங்கள் பிறந்து, வேகமாக எரிந்து, செத்தன. நூறு சூரியன் எடையில் சின்னக் கருந்துளைகள் மிஞ்சின. அவை சுற்றியிருந்த வாயுவைத் தின்று பெருத்தன என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நேரம்தான் போதவில்லை. கருந்துளையால் இஷ்டத்துக்குத் தின்னவும் முடியாது. உள்ளே விழப்போகிற வாயு சூடேறிப் பயங்கரமாக ஒளிவீசும். அந்த ஒளியே பின்னால் வருகிற வாயுவை வெளியே தள்ளும். தின்னும் வேகத்துக்கு அதுவே ஒரு வரம்பு கட்டிவிடுகிறது.

இரண்டாம் கட்சி, அந்த வரம்பையெல்லாம் அது மதிக்கவில்லை என்கிறது. சில காலம் கண்மண் தெரியாமல் தின்றிருக்கலாம்.

மூன்றாவது நான் இருக்கிற கட்சி. கருந்துளை பிறக்கும்போதே பெரிதாகப் பிறந்தது என்கிறோம். சாதாரணமாக ஒரு வாயு மேகம் குளிரும்போது துண்டு துண்டாக உடைந்து நட்சத்திரங்கள் ஆகும். பக்கத்து நட்சத்திரங்களின் கடுமையான ஒளி பட்டால் அந்த மேகத்தால் குளிர முடியாது, உடையவும் முடியாது. முழு மேகமும் ஒரே மொத்தமாக உள்ளே விழுந்து, லட்சம் சூரியன் எடையில் நேரே கருந்துளை ஆகிவிடும். இதை ஒரு தடவை அண்ணனுக்கு விளக்கியபோது அவர் பாதியிலேயே, “அதாவது நாத்தங்கால் விடாம நேரடி வெதைப்பு” என்றார். நான் ஒரு மணி நேரம் படம் போட்டுச் சொல்வதை அவர் கையசைத்து முடித்துவிட்டதில் எனக்கு லேசான வருத்தம்தான். ஆனால் எங்கள் துறையிலும் அதற்கு ‘விதை’ என்றுதான் பெயர். சின்ன விதை, கனத்த விதை.

இன்னொரு சிறிய கட்சி, நட்சத்திரம் என்ற பேச்சே எழாத காலத்தில், முதல் விநாடிக்குள்ளேயே, நெருக்கம் கூடிய இடங்கள் அப்படியே உள்ளே இடிந்து கருந்துளை ஆகிவிட்டன என்கிறது. யாரும் பிறக்கும் முன்பே பிறந்தவை. சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை என்பதால் அந்தக் கட்சிக்காரர்கள் மிகுந்த தைரியத்தோடு பேசுவார்கள்.

கடைசியாக, எனக்குப் பிடிக்காத ஒரு கட்சி. இவர்கள் எதையும் விளக்குவதில்லை. நீங்கள் எடை போட்டதே தப்பு என்கிறார்கள். கருந்துளையைத் தராசில் வைக்க முடியாது. சுற்றிச் சுழல்கிற வாயுவின் வேகத்தை அதன் ஒளியில் படித்து எடையைச் சொல்கிறோம். சுற்றிலும் அடர்ந்த வாயு போர்த்தியிருந்தால் ஒளி அதில் சிதறி, வேகம் கூடுதலாகத் தோன்றும், எடையும் கூடிவிடும். அப்படியென்றால் அது அவ்வளவு பெரிதே இல்லை, புதிரும் இல்லை. புதிர் இல்லையென்றால் பதினைந்து வருஷமாகப் புதிரில் சம்பளம் வாங்குகிற நானும் இல்லை. இவர்கள் பேசுகிற அரங்குகளில் நான் காபி குடிக்க எழுந்து போய்விடுவேன்.

விசாரணை

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டில் விசாரணை தொடங்கியது. நானே நீதிபதி, நானே நிபுணர்.

எதிர்த்தரப்பு அண்ணி. பிரபுவின் கட்சியில் இருந்ததால் அல்ல. ஆனி முடிவதற்குள் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்வதற்கு அண்ணி எல்லாம் பேசி முடித்திருந்தார். எங்கள் தெருவில் அதற்கு முன் யாருக்கும் அந்தக் கல்யாணம் நடந்ததில்லை. முந்தைய தலைமுறையில் பெரும்பாலானவர்கள் அறுபது வரை இருக்கவே இல்லை. இருந்தவர்களுக்கும் அப்படியொரு சடங்கு தங்களுக்கு உண்டு என்று தோன்றியதில்லை. அண்ணிக்குத் தோன்றிவிட்டது. அவருடைய முதல் கல்யாணம் ஒரு மழை நாளில், கடன் வாங்கிய புடவையில் நடந்தது. இரண்டாவதை அவர் விடுவதாக இல்லை.

“நீங்க ரெண்டு பேருமாச் சேந்து வயசக் கொறைச்சிட்டீங்கன்னா, நான் குருக்களுக்கு என்ன பதில் சொல்றது?” என்று கேட்டார்.

குருக்களிடம் ஏற்கெனவே ஒரு சுற்றுப் பேச்சு நடந்திருந்தது. அவர் போனில் வருஷம், மாதம், நட்சத்திரம் கேட்டிருக்கிறார். அண்ணிக்கு மூன்றும் தெரியாது. சர்டிபிகேட்டில் இருக்கிற தேதியைச் சொல்லுங்கோ, நட்சத்திரத்தை நான் பார்த்துக்கறேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். தலைமையாசிரியரின் கற்பனைக்குப் பூரட்டாதி நட்சத்திரம் என்று வந்தது. அண்ணனும் அதை மறுக்கவில்லை.

நான் முறைப்படி ஆரம்பித்தேன். அண்ணன் சின்ன வயதிலேயே காது எட்டியவர். கூடப் படித்தவர்கள் சிலர் இரண்டு, மூன்று வருஷம் திருப்பி அனுப்பப்பட்டபோது இவரை முதல் தடவையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அப்படியானால் உண்மையிலேயே ஐந்து வயது ஆகியிருந்ததா? அதாவது சீக்கிரமே பிறந்துவிட்டாரா? அப்படியென்றால் சான்றிதழ் சரி, பிரபு ஜெயித்தான்.

இல்லை, வயது குறைவுதான், ஆனால் நிறையத் தின்று சீக்கிரம் வளர்ந்துவிட்டாரா? இதைக் கேட்டதும் அண்ணன் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது நாளுக்கு ஒரு தடவை, கூலி நெல்லைக் குத்திய பிறகு, பொழுது சாய்ந்துதான். இரண்டாம் கட்சி அங்கேயே விழுந்தது.

மிச்சம் என் கட்சி. பிறக்கும்போதே பெரிதாகப் பிறந்தவர். இதை நிரூபிக்கப் பெற்றவர் இல்லை, பிரசவம் பார்த்தவரும் இல்லை. அண்ணனுடைய இப்போதைய உயரத்தைப் பார்த்தால் அதற்கும் வழி தெரியவில்லை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க அவர் குதிகாலை உயர்த்துகிறவர்.

பிரபு வீடியோ காலில் வந்தான். தகவல் போதாது என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன். “அத்தை, நீங்களே ப்ரூவ் பண்ண முடியலைன்னா அப்ப சர்டிபிகேட்தானே கரெக்ட்?” என்றான். அண்ணன் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். ஒரே ஒரு தடவை இந்த மனிதர் என் படிப்பிடம் ஒன்று கேட்டார், அதுவும் கிடைக்கவில்லை.

தலையைச் சுற்றி ஒரு பென்சில்

மறுநாள் சடங்குக்குப் பட்டு எடுக்க அண்ணனும் நானும் கும்பகோணம் கிளம்பினோம். அவர் ஓடிய அதே வழித்தடம். கண்டக்டர் அவரைவிட ரொம்பச் சின்னவர், அண்ணனிடம் பழகியவர். உட்காரச் சொல்லி ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். வாழ்நாள் முழுக்க நின்றே போன பஸ்ஸில் உட்கார்ந்து போவது அண்ணனுக்குச் சரியாக வரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழப்போனார்.

ஏதோ ஒரு நிறுத்தத்தில் அவர் கை தானாகத் தலைக்கு மேலே போய் இடது காதில் துழாவியது. அங்கே பென்சில் இல்லை. கை திரும்பி வந்தது.

சர்வீஸ் முழுக்க அவர் பென்சில் வைத்திருந்தது இடது காதில். இடது கையில் டிக்கெட் கட்டு இருக்கும். மற்றவர்கள் என்றால் வலது கையை முகத்துக்கு முன்னால் கொண்டுபோய் எடுப்பார்கள். அண்ணன் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் எடுப்பார். அந்த வழித்தடத்தில் அவரைத் தெரியாதவர்களுக்குக்கூட, தலையைச் சுற்றிக் காதைத் தொடுகிற கண்டக்டர் என்று அடையாளம் சொன்னால் போதும். முன்சீட்டில் வெற்றிலைக் கவுளிக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் இப்போதும் அதைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது. “அண்ணே, அன்னைக்கு வாத்தியார் முன்னாடி காதத் தொட்டீங்கள்ல? எப்படின்னு காட்டுங்க.”

“எதுக்கு?”

“சும்மா காட்டுங்க.”

அவர் காட்டினார். வலது கை மேலே போகும் முன்பே தலை வலது தோள் பக்கம் நன்றாகச் சாய்ந்தது. சாய்ந்த தலையில் இடது காது மேலே ஏறி வந்தது. விரல்கள் சிரமமில்லாமல் காதைப் பிடித்தன.

“தலைய எதுக்குச் சாய்க்கிறீங்க?”

“நேரா வச்சா எட்டாது” என்றார், இது ஒரு கேள்வியா என்பதுபோல. “அம்மா அப்படித்தான சொல்லிக்குடுத்துச்சு.”

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார். அந்த வருஷம் குறுவைக்கு நாற்றுப் பறிக்கப் போய்விட்டு அம்மா தினமும் சாயங்காலம் வந்ததும் இவரை முன்னால் நிறுத்திவைப்பாராம். கைகால் கழுவுவதற்கு முன்னால் அதுதான் முதல் வேலை. ஒரு கையால் தலையைச் சாய்த்துப் பிடித்து, மறு கையால் காதை மேலே இழுத்துவிட்டு, இப்போ தொடு, இப்போ தொடு என்பாராம். காதெல்லாம் சேறாகிவிடும். எட்டாது. மறுநாளும் நிறுத்துவார். ஒரு நாள் எட்டியது. மறுநாள் காலையிலேயே அம்மா கூலிக்குப் போகாமல் இவரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்.

எங்கள் அம்மா ஒரு நாள் கூலியை விட்டார் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. “அவ்வளவு என்ன அவசரம் அம்மாவுக்கு?” என்று கேட்டேன். படிப்பின் மேல் ஆசை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். இந்தத் தொடருக்கு அது பொருத்தமாகவும் இருந்திருக்கும்.

பஸ் அப்போது அந்தப் பள்ளிக்கூட நிறுத்தத்தில் நின்றது. இப்போது காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. அண்ணன் அந்தச் சுவரைக் காட்டினார்.

“அப்ப இங்க வேலிதான். மத்தியானம் கோதுமை உப்புமா போடுவாங்க. பேர் இருக்கற புள்ளைங்களுக்கு உள்ள பந்தி. பேர் இல்லாததுங்க தட்ட எடுத்துக்கிட்டு வேலி ஓரமா நிக்கும், மிஞ்சினாக் குடுப்பாங்க. நானும் நின்னேன். அம்மா ஒரு நாள் கரை மேல போறப்பப் பாத்துடுச்சு.”

பஸ் கிளம்பியதும், “வாத்தியாருக்குத் தெரியாம இருக்குமா? தலைய நேரா வைய்யின்னு அவரு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும். சொல்லல” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் அழுவது எனக்குப் பிடிக்காது. ஜன்னல் பக்கம் அவர் உட்கார்ந்திருந்ததால் வெளியே பார்ப்பது மாதிரி நடிக்கவும் வழியில்லை. முன்சீட்டு வெற்றிலைக் கவுளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சீக்கிரம் பிறக்கவில்லை. நிறையத் தின்னவில்லை. பெரிதாகவும் பிறக்கவில்லை. அளந்தபோது தலை சாய்ந்திருந்தது. நான் காபி குடிக்க எழுந்து போகிற கட்சி சொன்னதுதான் எங்கள் வீட்டில் நடந்திருந்தது. வானத்தில் எது நடந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. அங்கே என் கட்சி ஜெயிக்கலாம், தோற்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கட்சிக்காரர்கள் பேசும்போது நான் எழுந்து போவதில்லை.

அம்மா கொடுத்தது

கும்பகோணத்தில் இறங்கியதும் நான் போனை எடுத்தேன். பிரபுவைக் கூப்பிட்டு, உன் அப்பாவுக்கு அறுபது ஆகவில்லை, ஐந்து வயதென்று எழுதிய அன்று அவருக்கு நாலுகூட நிறைந்திருக்காது, போக்குவரத்துக் கழகத்திடமே போய் நியாயம் கேட்கலாம் என்று சொல்ல வாயில் எல்லாம் தயாராக இருந்தது. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ சர்வீஸ் போயிருக்கிறது. எனக்குக் கோபம்கூட வந்திருந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

அண்ணன் என் போனின் மேல் கையை வைத்தார்.

“வேணாம் பாப்பா.”

“என்ன வேணாம்? நீங்கதான கேட்டீங்க?”

“கேட்டேன். தெரிஞ்சிடுச்சு, போதும்.” காபிக்கடைப் பக்கம் நடந்துகொண்டே சொன்னார். “அது அம்மா குடுத்த வயசு. தெனம் நிக்க வச்சு, சொல்லிக்குடுத்துக் குடுத்தது. இப்பப் போயி அது தப்புன்னு எழுதிக்குடுக்கணுமா? அறுவதுன்னே இருக்கட்டும்.”

அப்படியானால் வயல்? பிரபு?

டபராவில் காபியை ஆற்றினார். ஒரு வாய் குடித்தார். பிறகு அவரே தன் போனை எடுத்தார். நான் பிரபுவைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். சென்னையில் இருக்கிற நிலச் சொந்தக்காரரைக் கூப்பிட்டார். நாலு மாவையும் தானே எடுத்துக்கொள்வதாகவும், ஆவணியில் நேரடி விதைப்பு என்றும் மரியாதையாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் மகனுக்குப் போன் போனது.

“பிரபு, அப்பா பேசறேன். நீ சொன்னதுதான் சரி. எனக்கு அறுவது முடிஞ்சிடுச்சு. அறுவது முடிஞ்சவன் யார்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல. அதான் வயல எடுத்துட்டேன். சடங்குக்கு வந்துடு.”

தன் ஒரே காரணத்தை அப்பா அப்படியே எடுத்து வைத்துக்கொள்வார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

ஆனி முடிவதற்குள் திருக்கடையூரில் சடங்கு நடந்தது. மண்டபத்தில் எங்களுக்கு முன்னும் பின்னும் வரிசையாகத் தம்பதிகள். எல்லோரும் உண்மையாகவே அறுபதா என்று நான் ஒவ்வொருவர் காதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பூரட்டாதி நட்சத்திரம் என்று குருக்கள் சொன்னபோது அண்ணி பெருமையாகத் தலையை ஆட்டினார். புதுப்பட்டு அவருக்கு நன்றாக இருந்தது.

தம்பதியை மனையில் உட்காரவைத்து, தலைக்கு மேலே சல்லடையைப் பிடித்து, கலசத் தண்ணீரை ஊற்றினார்கள். பிரபு ஊற்றினான். அவன் மனைவி ஊற்றினாள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். என் குடம் கொஞ்சம் வேகமாகச் சாய்ந்துவிட்டது. தண்ணீர் அண்ணன் முகத்தில் இறங்கி இடது காதுக்குள் போனது. அவருடைய இடது கை அண்ணியின் கையைப் பிடித்திருந்தது. விட்டுவிடக் கூடாது என்று குருக்கள் சொல்லியிருந்தார். அதனால் வலது கை மேலே எழுந்தது. தலை தோள் பக்கம் சாய்ந்தது.

ஃபோட்டோ எடுக்க வந்தவர் கேமராவை இறக்கிவிட்டு, “தலைய நேரா வைங்க சார்” என்றார்.

“நேரா வச்சா எட்டாது தம்பி” என்று சொல்லிவிட்டு, அண்ணன் காதைத் தொட்டார்.